அழிக்காதே அந்தப் படத்தை!

புனேக்கு அருகே சிங்ககட் கோட்டையின் மேல் நின்று சூரியன் மறைவதை எடுத்தாயே, அந்தப் படத்தை அடிவாரத்தில் பஸ் ஏறுவதற்குள் அழித்துவிட்டாய். உன் பக்கத்தில் நின்றவர் கழுத்தில் பெரிய கேமரா தொங்கியது. அதன் திரையில் வானம் தணலாய் எரிந்தது. உன் போனில் அதே வானம் வெளிறிக் கிடந்தது. உடனே முடிவு கட்டினாய்: "எனக்கெல்லாம் போட்டோ எடுக்க வராது."

யார் கொடுத்த தீர்ப்பு இது? எந்தப் பரீட்சையில் தோற்றாய்? யார் வைத்த பரீட்சை அது?

புனேக்கு வேலை தேடி வரும் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஹிஞ்சவடியில் இரவு பகலாகக் கணினி முன்னால் உட்கார்ந்து, ஆயிரம் வரிகளுக்குள் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு பிழையைக் கண்டுபிடிக்கிறார்கள். சிஞ்ச்வட் தொழிற்சாலையில் மைக்ரான் கணக்கில் அளவு பார்க்கிறார்கள். அவ்வளவு கூர்மையான கண் உள்ள பிள்ளை, ஒரு மலைமுகட்டின் முன் நின்றதும் தன் கண்ணையே நம்ப மறுக்கிறது. பார்ப்பது கூட வேறு யாரோ தகுதி பெற்றவர்களின் வேலை என்று ஒதுங்கிக்கொள்கிறது. தம்பி, தங்கச்சி, இந்த ஒதுங்கல்தான் எனக்குக் கோபம் மூட்டுகிறது. சம்பளத்தில் தாழ்ந்து போ, பரவாயில்லை, நாளைக்கு ஏறும். பார்வையில் தாழ்ந்து போகாதே.

உனக்கு முன்னால் இந்த ஊருக்கு ஒரு தமிழ் இளைஞர் வந்தார். வந்தது 1966ஆம் ஆண்டு. மட்டக்களப்பை ஒட்டிய அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளிச் சுற்றுலா போன இடத்தில், டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தை எடுத்துக்கொண்டிருந்ததை நேரில் பார்த்து, சினிமாதான் தன் வாழ்க்கை என்று நெஞ்சில் எழுதிக்கொண்டவர். புனேயின் லா காலேஜ் சாலையில், பழைய பிரபாத் ஸ்டுடியோ இருந்த வளாகத்தில் 1960இல் தொடங்கப்பட்டிருந்த திரைப்படக் கல்லூரியின் கதவைத் தட்டினார். அவர் கேட்ட பிரிவில் இடமில்லை. ஒளிப்பதிவில்தான் இடம் கிடைத்தது.

அந்த இடத்தில் நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? கேட்டது கிடைக்கவில்லையே என்று ஊருக்கு ரயில் ஏறியிருப்பாயா? அவர் ஏறவில்லை. கிடைத்த கேமராவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். மாணவராக அவர் எடுத்த ஒரு படத்தின் பெயர் 'எ வியூ ஃப்ரம் தி ஃபோர்ட்'. கோட்டையிலிருந்து பார்த்த ஒரு காட்சி! 'செம்மீன்' தந்த ராமு காரியாட் அதைப் பார்த்துவிட்டு, தன் 'நெல்லு' படத்துக்கு அவரையே ஒளிப்பதிவாளராக்கினார். 1974இல் அந்தப் படம் வெளிவந்தபோது கேரள அரசின் சிறந்த ஒளிப்பதிவாளர் விருது அவருக்கு. பிறகு கன்னடத்தில் 'கோகிலா', தமிழில் 'மூன்றாம் பிறை' இரண்டுக்கும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது. பாலு மகேந்திரா என்றால் இன்றைக்கும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது எது? சன்னல் வழியே வந்து முகத்தில் விழும் வெளிச்சம். இருக்கிற வெளிச்சத்தை நம்பிய மனிதர் அவர். விளக்குகளை வரிசையாக நிறுத்திப் பகலை உண்டாக்கிய காலத்தில், ஏற்கெனவே அங்கே இருக்கும் பகலைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர்.

அதைக் கற்ற ஊரில்தான் நீ வாடகை கொடுத்துக் குடியிருக்கிறாய். அந்த வெயில்தான் உன் மாடியிலும் காய்கிறது. ஆனால், "நல்ல கேமரா வாங்கினதும் ஆரம்பிக்கிறேன்" என்று தவணைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாய்! 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனார். ஒரு படத்துக்குள் அடங்காத கல்வெட்டு வரிசை விமானத்தின் அடியைச் சுற்றி ஓடுவதைப் பார்த்தார். அடங்காது என்று விட்டுவிடவில்லை. 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டினார். ஏறத்தாழ 19 அடி நீளம்! தூக்க ஆள் வேண்டிய மரக் கேமரா, கொதிக்கும் வெயில், ரசாயனம் கெட்டுப்போகும் வெப்பம், இத்தனையும் தாண்டி எடுத்தார். இன்று உன் சட்டைப் பையில் இருக்கும் போன், கையை ஒருதரம் இடமிருந்து வலமாக நகர்த்தினால் அந்த வேலையைச் செய்துவிடும். கருவி போதவில்லை என்று இனிமேல் சொல்லாதே. அந்தச் சாக்கு செத்து வெகுகாலம் ஆகிறது.

இப்போது உன் வெளிறிய படத்துக்கு வருவோம். போன் கேமரா தானாக முடிவெடுக்கும் இயந்திரம். எதிரே இருக்கும் வெளிச்சத்தையெல்லாம் கூட்டிக் கழித்து, இருட்டும் இல்லாமல் பிரகாசமும் இல்லாமல் நடுத்தரமாக ஆக்கப் பார்க்கும். அந்தி வானத்தில் பரவும் செம்மஞ்சளைக் கண்டால், ஏதோ விளக்கின் நிறம் படத்தில் ஏறிவிட்டது என்று எண்ணி அதைத் திருத்தி வெளுக்க வைக்கும். உன் கண் சரியாகத்தான் பார்த்தது. கருவிதான் தப்பாகத் திருத்தியது. அப்படியிருக்க, யாரை நம்ப வேண்டும்? திரையில் வானத்தின் மேல் விரலை வை. பக்கத்தில் ஒரு சின்னச் சூரியக் குறி தோன்றும். கீழே இழு. வானம் அடர்ந்து வரும். வண்ணச் சமநிலையை மாற்றும் வசதி இருந்தால், தானியங்கியை விட்டுப் பகல் வெயிலுக்கு மாற்று. தரையும் மரமும் மனிதரும் கறுத்துப் போகட்டும். தொலைவில் தோர்ணாவின் முதுகும் ராஜ்கட்டின் முகடும் கருங்கோடாக எழுந்து நிற்கும். 1646இல் பதினாறு வயதுப் பையனாக சிவாஜி முதன்முதலில் பிடித்த கோட்டை என்று மராட்டியர் சொல்லும் தோர்ணா அது. இந்தக் கோடு தெரிய எந்த ஃபில்டரும் தேவையில்லை.

சூரியன் முழுகியதும் கூட்டம் கிளம்பிவிடும். நீ கிளம்பாதே. சில சமயம் முகில் இருக்கும் மாலைகளில் அசல் வண்ணம் அதற்குப் பிறகு பத்து, பதினைந்து நிமிடம் கழித்துத்தான் வரும். தொடுவானத்துக்குக் கீழே போன சூரியன், உயர்ந்த மேகங்களின் அடிவயிற்றில் வெளிச்சம் பாய்ச்சும் நேரம் அது. நம் வெப்பமண்டலத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். ஐரோப்பியர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு மணிக்கணக்கில் வெளிச்சம் நிற்கும் என்று நம்பாதே. அப்புறம், ஒருதரம் திரும்பிக் கிழக்கே பார். அடிவானத்தில் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை மெல்ல மேலே ஏறிவரும். அதன் மேல் இளஞ்சிவப்பு. அந்த நீலப்பட்டை என்ன தெரியுமா? பூமியின் நிழல்! நாம் நிற்கும் இந்தப் பூமி வானத்தின் மேல் போடும் நிழல். மேற்கே பார்த்து நிற்கும் அத்தனை பேருக்கும் முதுகுக்குப் பின்னால் அது நடந்துகொண்டிருக்கிறது. எல்லோரும் பார்க்கும் பக்கமே பார்க்க வேண்டும் என்று உனக்கு யார் சட்டம் போட்டது?

இன்னொன்றும் தெரிந்துகொள். சென்னையில் சூரியன் மறைந்ததற்கு சராசரியாக ஏறக்குறைய 25 நிமிடம் கழித்துத்தான் புனேயில் மறைகிறது. ஒரே கடிகாரம், வேறு தீர்க்கரேகை. ஊரில் அம்மா விளக்கேற்றிய பின்னும் உனக்கு இங்கே வெயில் மிச்சம் இருக்கிறது. ஜூன் மாதத்தில் ஏழு மணியைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஆபீஸ் முடிந்து வந்தால் நேரமே இல்லை என்கிறாயே, வேதாள் டேக்டிக்கோ பர்வதி மலையின் 103 படிகளுக்கோ ஒரு கோடை மாலையில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்.

சனிவார் வாடாவுக்குப் போயிருப்பாய். புனேக்கு வந்தவர் யாரும் அதைத் தவறவிடுவதில்லை. தில்லி தர்வாஜாவின் எதிரே நின்று படம் எடுத்திருப்பாய். சுவர் மந்தமாக, உயிரில்லாமல் வந்திருக்கும். அன்றைக்கும் உன்னையே நொந்துகொண்டிருப்பாய். உண்மை இதுதான்: அந்த வாசல் வடக்குப் பார்த்தது. செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை சூரியன் தென்பக்கமாகவே போகிறது. அந்த ஆறு மாதமும் வடக்குச் சுவரில் நேர்வெயில் ஒரு நிமிடம்கூட விழாது. நீ போனது தீபாவளி விடுமுறையில் என்றால், உலகின் எந்தப் பெரிய புகைப்படக்காரர் வந்திருந்தாலும் நிழல் சுவரைத்தான் எடுத்திருப்பார். ஏப்ரலில், மே மாதத்தில், அதிகாலையிலோ சாயங்காலத்திலோ போ. வெயில் சாய்வாக வந்து, யானை முட்டாமலிருக்கக் கதவில் அறைந்த இரும்பு முட்களின் நிழலை ஒவ்வொன்றாக நீட்டிக் காட்டும். தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டால் தீர்ந்துபோகும் விஷயத்துக்காக, உன்னைத் தகுதியில்லாதவன் என்று நீயே திட்டிக்கொள்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

அந்த மதிலுக்குள் போனால் எனக்கு ஒரு துக்கம் நெஞ்சை அடைக்கும். முதலாம் பாஜிராவ் கட்டிய மாளிகை அது, 1732இல் குடிபுகுந்தார்கள். இந்தியாவின் பெரும்பகுதியை ஆட்டிவைத்த மராட்டியத் தலைமை அமைச்சர்களான பேஷ்வாக்களின் வீடு. 1828 பிப்ரவரியில் தீப்பிடித்து, நாட்கணக்கில் எரிந்து, மரத்தால் ஆன மாளிகை முழுதும் சாம்பலாயிற்று. மிஞ்சியவை மதிலும் வாசல்களும் அஸ்திவாரக் கல்லும். புகைப்படக் கலையை உலகுக்கு அறிவித்த ஆண்டு 1839. வெறும் பதினோரு ஆண்டு வித்தியாசம்! பதினோரு ஆண்டில் தவறிப்போனதால், அந்த மண்டபங்களுக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. சாயங்கால வெளிச்சம் அந்த மரத்தூண்களில் எப்படி விழுந்தது என்று இனி எந்த மனிதனும் பார்க்க முடியாது.

அன்றைக்கு அவர்களிடம் கருவி இல்லை. உன்னிடம் இருக்கிறது. நீ எடுக்காமல் இருந்தால் அதற்கு என்ன பெயர்? புனேயின் பேட்டைகளில் நடந்துபார். முற்றமும் மரத்தூணும் வைத்த பழைய வாடாக்கள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகளாகின்றன. ராஸ்தா பேட்டில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் உண்டு. அவர்கள் குடியிருந்த வீடுகளும் அந்தக் கணக்கில் சேரும். உன் ஊரில் திண்ணை வைத்த வீடு எத்தனை மிச்சம் இருக்கிறது? கம்பீரமான கோட்டையைப் படமெடுக்க ஆயிரம் பேர் வருவார்கள். ஒரு தெருவின் கடைசித் திண்ணையை எடுக்க உன்னைத் தவிர யாரும் வரப்போவதில்லை. "என் படத்தை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்காதே. பார்க்கப்போகிறவர் இன்னும் பிறக்காதவராக இருக்கலாம்.

பாஜா குகைகளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. புனேயிலிருந்து லோனாவாலா லோக்கல் ரயிலில் ஏறி மளவலியில் இறங்கினால் நடந்தே போகலாம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் பௌத்தத் துறவிகளுக்காகப் பாறையைக் குடைந்த 22 குகைகள். வாசல் மேற்குப் பார்த்தது. பிற்பகல் சாயச்சாய வெயில் சைத்தியம் என்னும் பெரிய வழிபாட்டு மண்டபத்துக்குள் தூண் தூணாக நகர்ந்து உள்ளே போகிறது. உளி பிடித்தவனுக்கு அந்த வெயில் தெரிந்திருந்தது. இருட்டுப் பாறையைக் குடையும்போதே வெளிச்சம் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். பெயர் தெரியாத அந்தக் கல்தச்சன் எந்தக் கல்லூரியில் படித்தான்? நீ செய்ய வேண்டியது, மூடும் நேரத்துக்கு முன்னதாகப் போய், ஒரு தூணருகே அமைதியாக உட்காருவது. முதல் அரைமணி நேரம் போனை எடுக்காதே. வெயில் எங்கிருந்து எங்கே போகிறது என்று மட்டும் பார். பார்க்கத் தெரிந்தபின் விரல் தானாக வேலை செய்யும். பாறையின் மேல் செதுக்கிய உருவங்களைத் தொடாதே, ஃப்ளாஷ் போடாதே. டிரைபாட் வைக்க வேண்டுமென்றால் தொல்லியல் துறையிடம் அனுமதி கேள். கேட்பதில் கூச்சம் எதற்கு?

தன்னம்பிக்கை என்ற பெயரில் நடக்கும் ஒரு மடத்தனத்தையும் சொல்லியாக வேண்டும். பாறை விளிம்பில் காலைத் தொங்கவிட்டுப் படம் எடுப்பது வீரமில்லை. 2024 ஜூன் கடைசி நாளில் லோனாவாலா பூஷி அணைக்கு அருகே, அருவியின் நடுப்பாறையில் நின்ற ஒரே குடும்பத்தினர் ஐந்து பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. சகியாத்ரியின் மழைநீர் எச்சரிக்கை செய்யாது. மேலே எங்கோ பெய்த மழை கீழே நிமிடத்தில் ஆளை உருட்டும். தன்னை மதிக்கிறவன் தன் உயிரை மதிப்பான். பத்தடி பின்னால் நின்று எடுத்த படம் எந்த விதத்திலும் மட்டமானதில்லை. மாலையில் எத்தனை மணிவரை மேலே இருக்கலாம் என்று வனத்துறைச் சாவடியில் கேட்டுக்கொண்டு ஏறு. புனே ராணுவ ஊர் என்பதையும் மறக்காதே. கடக்வாஸ்லா பாதுகாப்பு அகாடமி, லோஹேகாவ் விமானதளம், கன்டோன்மென்ட் பகுதிகளில் தடைப்பலகை இருந்தால் கேமரா பைக்குள் போகட்டும்.

மற்றபடி அஞ்சாதே! முதல் நூறு படம் கோணலாக வரட்டும். தொடுவானம் சாயட்டும். இன்ஸ்டாகிராமில் நாலே பேர் இதயம் போடட்டும், அந்த நாலில் இரண்டு பேர் உன் அத்தை பிள்ளைகளாக இருக்கட்டும். அதனால் என்ன? பிறர் போட்ட படத்தை அதே இடத்தில், அதே கோணத்தில் நின்று நகலெடுப்பவனுக்கு ஆயிரம் லைக் வரும். அவனுக்கென்று ஒரு பார்வை வராது. நேற்றைய படத்தை அழித்தால் நாளைக்கு எதோடு ஒப்பிட்டு வளர்வாய்? வைத்திரு. இடம், தேதி, மணி எழுதி வை. ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போ. மழைக்கு முன் பொன்னிறப் புல், மழைக்குப் பின் பச்சை. ஒரே மலையை இரண்டு பருவத்தில் எடுத்தவனுக்கு, இருபது மலையை ஒரே நாளில் ஓடி எடுத்தவனைவிட அதிகம் தெரியும். இது என் உறுதியான எண்ணம்.

அடுத்த முறை சிங்ககட் போகும்போது பித்லா பாக்ரியும் சட்டித் தயிரும் சாப்பிடு, நல்லது. 1670 பிப்ரவரி இரவில் இந்தக் கோட்டையை மீட்டு உயிர்விட்ட மராட்டியத் தளபதி தானாஜிக்கு வணக்கம் சொல்லு. அப்படியே ராஜாராமின் சமாதிக்கும் போ. பலர் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் இடம் அது. நீ நகரக்கூடாது. ஏனென்றால் அவர் உன் மண்ணில் இருந்தவர். சிவாஜியின் இளைய மகன். 1689இல் அண்ணன் சம்பாஜி கொல்லப்பட்டு, தலைநகர் ராய்கட் விழப்போன நேரத்தில், மாறுவேடத்தில் தெற்கே தப்பி வந்து, நம் செஞ்சிக் கோட்டையில் இருந்து அரசாண்டார். மொகலாயப் படை செஞ்சியை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டது. 1698இல் செஞ்சி விழுந்தது. ஆனால் ராஜாராம் அகப்படவில்லை. 1700இல் இந்தச் சிங்ககட்டில் அவர் உயிர் பிரிந்தது. தலைநகரே கையை விட்டுப் போன பின்னும், வேறொரு மலையில் ஏறி நின்று போராட்டத்தைத் தொடர்ந்த மனிதரின் சமாதி முன்னால் நின்றுகொண்டு, "என் போன் சரியில்லை" என்று சொல்ல உனக்கு நா எழுமா?

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், அவற்றில் ராஜ்கட், லோஹகட், சிவ்னேரி மூன்றும் உன் புனே மாவட்டத்திலேயே இருக்கின்றன. பன்னிரண்டாவது, விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. இரண்டு முனையும் உனக்குச் சொந்தம். மராத்தியப் பிள்ளைகள் ஞாயிறு தோறும் கோட்டை ஏறித் தங்கள் வரலாற்றைத் தங்கள் மொழியில் படத்தோடு எழுதுகிறார்கள். நாம் எழுத வேண்டாமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்வார்கேட்டில் சிங்ககட் பஸ்ஸைப் பிடி. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒருநாள் முன்னதாகக் கிளம்பிச் செஞ்சியில் இறங்கு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் உன் கண்ணால் பார்த்து எடு. எடுத்த படத்துக்குக் கீழே தமிழில் நாலு வரி எழுது, உன் பெயரைப் போட்டு வெளியிடு.